மாயா சமூகத்தில் ஐந்தாவது தட்டில் பிறந்தவன் மூன்றாவதுக்குப் போக முடிந்ததா?

கொல்லைமேடு எழுதியது:

மகள் ஏழாம் வகுப்பு. பழைய நாகரிகங்கள் பற்றி ஆளுக்கொரு சார்ட் ஒட்ட வேண்டுமாம், அவளுக்கு மெக்சிகோ, குவாத்தமாலா பக்கத்து மாயா வந்திருக்கிறது. எங்கே தேடினாலும் அதே முக்கோணப் படம்தான் கிடைக்கிறது. உச்சியில் அரசன், அப்புறம் பூசாரி, பிரபு, வணிகன், உழவன், அடியில் அடிமை. இட்லித் தட்டு அடுக்கின மாதிரி ஆறு தட்டு, நடுவில் கோடு. அதைப் பார்த்துவிட்டு அவள் கேட்டது ஒரே கேள்வி: "அஞ்சாவது தட்டுல பொறந்தவன் மூணாவதுக்குப் போக முடியுமாப்பா?" தெரியாது என்று சொல்லிவிட்டு இங்கே வந்து நிற்கிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மயன்தான் மாயா, மாயாதான் தமிழன் என்ற பேச்சை மட்டும் இங்கே எடுத்துவர வேண்டாம், அதற்கு இழைகள் ஏற்கெனவே ஏராளமாக ஓடிக்கொண்டிருக்கின்றன.

நூல்புழு எழுதியது:

முதல் சிக்கல் அந்த முக்கோணத்திலேயே இருக்கிறது. அது எந்த ஊர், எந்தக் காலம்? மாயா என்று ஒரு நாடு, ஒரு ராஜா இருந்ததே இல்லை. கி.பி. 250 முதல் 900 வரை டிகால், கலக்முல், பலெங்கே, கோபான், யாஷ்சிலான் என்று டஜன் கணக்கில் நகர அரசுகள், ஒன்றை ஒன்று பிடித்துத் தின்றுகொண்டிருந்தன. ஸ்பானியர்கள் வந்து பார்த்தது அதற்கு அறுநூறு, எழுநூறு வருடம் கழித்து, வடக்கே மெக்சிகோவின் யுகதான் தீபகற்பத்தில். படம் போடுகிறவர்கள் எட்டாம் நூற்றாண்டு ராஜாவின் தலையை எடுத்துப் பதினாறாம் நூற்றாண்டு ஊர்க்காரர்களின் உடம்பில் ஒட்டிவிடுகிறார்கள்.

யுகதான் விவரத்தில் பெரும்பகுதி தியேகோ தே லாந்தா என்ற பாதிரியார் 1566 வாக்கில் எழுதியது. 1562இல் மானி என்ற ஊரில் மாயா ஏடுகளைக் குவித்து எரித்த அதே ஆள்தான். எரித்ததையும் அவரே செய்துவிட்டு, அந்த மக்களைப் பற்றி நமக்கு மிச்சம் வைத்த விவரத்தையும் அவரே எழுதியிருக்கிறார், என்ன சொல்வது.

யுகதான் மாயாக்களின் சொந்தச் சொற்களைப் பார்த்தால் ஆறு தட்டு இல்லை. உயர்குடிக்கு அல்மெஹென் என்று பெயர். 'அல்' என்றால் ஒரு பெண் பெற்ற பிள்ளை, 'மெஹென்' என்றால் ஓர் ஆணுக்குப் பிறந்த பிள்ளை. இரண்டையும் சேர்த்தால், தாய்வழி தந்தைவழி இரண்டையும் எடுத்துச் சொல்லக்கூடியவன். சொல்ல முடியாதவன் சாதாரண ஆள். அவனுக்கு மசெவால் என்ற பெயரும் உண்டு, அது மத்திய மெக்சிகோவின் நாவாட்டில் மொழியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட சொல். அடிமைக்கு ஆணென்றால் ப்பென்தக், பெண்ணென்றால் முனாச். இவ்வளவுதான், மூன்று. பூசாரி, வணிகன் எல்லாம் தனித் தட்டு இல்லை, அவை தொழில்கள். அந்தத் தொழிலில் பெரிய இடத்தில் இருந்தவர்கள் முக்கால்வாசி அல்மெஹென் வீட்டுப் பிள்ளைகளே.

இன்னொரு சொல்லும் உண்டு. அக்காலத்து அகராதி ஒன்றில் 'அஸ்மென் வினிக்' என்று ஒரு பதிவு, பெரிய மனிதனுக்கும் எளியவனுக்கும் இடைப்பட்ட நடுத்தரமானவன் என்று பொருள் கொடுத்திருக்கிறார்கள். நடுவில் ஆளே இல்லையென்றால் அதற்கு எதற்குச் சொல்?

வெட்டிஆபீசர் எழுதியது:

சொல் இருந்தால் ஏணி இருந்ததாக ஆகிவிடுமா அண்ணா? நடுவில் பிறந்து நடுவிலேயே செத்தவனுக்கும் அந்தச் சொல் பொருந்துமே. பெண் கேட்டது ஏறினானா என்று.

எலும்புக்கூடை எழுதியது:

வெட்டிஆபீசர் சரியான இடத்தில் கை வைத்தார். நான் பழைய காலத்துக்குப் போகிறேன், கல்வெட்டு இருக்கிற காலத்துக்கு.

அரசனின் பட்டம் 'குஹுல் அஹாவ்', தெய்வத்தன்மை கொண்ட தலைவன். அவனுக்குக் கீழே ஒரு கூட்டம் பட்டங்கள். சஹால் என்பவன் சிற்றூர்த் தலைவன், எல்லைக் காவலன் மாதிரி. அஹ் குஹூன் என்பவன் அரண்மனையில் புனிதப் பொருளையும் ஏடுகளையும் பார்த்துக்கொள்கிறவன். யஹாவ் காக் என்றால் 'நெருப்பின் தலைவன்', படைக்கும் சடங்குக்கும் நடுவில் ஒரு பதவி. முக்கியமான விஷயம், இவற்றுக்கு 'பதவி ஏற்ற நாள்' கல்வெட்டில் வருகிறது. பிறந்தவுடனே சஹாலாக யாரும் பிறக்கவில்லை, ஒரு தேதியில் ஒருவன் உட்கார்த்தி வைக்கப்படுகிறான். கல்வெட்டில் 'உட்கார்ந்தான்' என்ற வினையே வரும்.

எனக்குப் பிடித்த ஆள் பலெங்கேயின் சக் சுட்ஸ். அவன் வீட்டில் கிடைத்த கல் பலகைக்கு 'அடிமைகள் பலகை' என்று பெயர், பலெங்கேயிலேயே அழகானவற்றில் ஒன்று. அதைப் பார்த்த ஆய்வாளர்கள் ரொம்ப நாள் அவனை ராஜா என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம்தான் எழுத்தைச் சரியாகப் படித்தார்கள். பலகையில் உட்கார்ந்திருப்பவன் அரசன் மூன்றாம் அஹ்கல் மோ நாப், அவன் ஆண்டது 721இன் கடைசியிலிருந்து. சக் சுட்ஸ் அவனுடைய தளபதி. 720களில் நடந்த சண்டைகளை வரிசையாகப் போட்டு, யார் ஊரை எரித்தேன், யாரைப் பிடித்தேன் என்று தன் வீட்டுக்குள்ளேயே கல்லில் செதுக்கி வைத்திருக்கிறான். கல்வெட்டு வெட்டுவது ராஜாவின் உரிமை என்றிருந்த இடத்தில், ஒரு தளபதி தன் வீட்டில் வெட்டிக்கொள்கிறான் என்றால் அவன் கை எவ்வளவு ஓங்கியிருக்க வேண்டும்!

கோபானிலும் இதே கதை. அரசன் யாஷ் பசாஹ் ஆட்சியில், 781இல், மாக் சனில் என்ற அஹ் குஹூன் தன் வீட்டில் முழு உருவ எழுத்துகளால் ஒரு கல் மேடை செய்து வைத்தான். வீட்டு முகப்பில் கையில் சங்கு மைக்கூடு பிடித்த எழுத்தர் சிற்பம். ராஜாவே அந்த வீட்டுக்கு வந்து சடங்கு செய்திருக்கிறான்.

வெட்டிஆபீசர் எழுதியது:

அவர்களெல்லாம் எந்த வீட்டில் பிறந்தார்கள்? சஹாலின் மகன் சஹால், எழுத்தன் மகன் எழுத்தன் என்றால் இது ஏற்றம் இல்லை, ப்ரமோஷன். மூன்றாவது தட்டில் இருந்தவன் இரண்டரைக்குப் போனான், அவ்வளவுதான்.

எலும்புக்கூடை எழுதியது:

நியாயம்தான். பல இடங்களில் சஹால் பதவி அப்பாவிடமிருந்து பிள்ளைக்குப் போயிருக்கிறது, பியெத்ராஸ் நெக்ராஸ் பக்கத்து எல் காயோ ஊரில் அந்தக் குடும்பத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பார்க்கலாம். பெண்களுக்கும் 'இஷ் சஹால்' பட்டம் உண்டு. ஆக அது ஒரு வம்சம், சந்தேகமில்லை.

ஆனால் அந்த இரண்டரை சாதாரண விஷயம் இல்லை என்று நினைக்கிறேன். பெரிய ராஜாக்களுக்குப் பல மனைவியர். ஒவ்வொரு தலைமுறையிலும் 'நானும் அரச ரத்தம்' என்கிற பிள்ளைகள் கூடிக்கொண்டே போவார்கள், நாற்காலி ஒன்றுதான். மூத்தவன் உட்கார்ந்தபின் மற்றவன் எங்கே போவான்? லாந்தாவே சொல்கிறார், பிரபுக்களின் இரண்டாவது மகன்களைச் சின்ன வயதிலேயே பூசாரிப் படிப்புக்கு அனுப்பினார்கள், பையனுக்கு ஆர்வம் இருந்தால். அரசகுமாரன் ஓவியனாகவும் ஆனான். நரன்ஹோவின் அஹ் மஷாம் என்பவன் வரைந்த சாக்லேட் குவளைகளில் கையெழுத்துப் போட்டிருக்கிறான், அப்பா நரன்ஹோ அரச வம்சம், அம்மா யாஷா ஊர் ராஜகுமாரி என்று. குவளைக்குச் சாயம் பூசுகிறவன் ராஜா மகன்! முக்கோணப் படத்தில் கைவினைஞன் எந்தத் தட்டில் இருக்கிறான் பாருங்கள்.

அக்வாதேகாவில் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. 810 வாக்கில் எதிரி படை உள்ளே புகுந்து ஊரைக் கொளுத்திவிட்டது, மேல்தட்டு வீட்டுக்காரர்கள் போட்டது போட்டபடி ஓடிவிட்டார்கள். வீடுகளைத் தோண்டினால் எழுத்தரின் மைக்கூடு, சங்கு செதுக்கும் கருவி, பைரைட் கனிமத்தில் செய்த முகம் பார்க்கும் கண்ணாடியின் துண்டு, பக்கத்திலேயே சோளம் அரைக்கும் அம்மி, சமையல் பானை. பெரிய இடத்து ஆட்கள் கையால் வேலை செய்தார்கள், அவர்கள் வீட்டுப் பெண்களும் நெய்தார்கள், அரைத்தார்கள்.

ஞாயிறுமட்டும் எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இது அப்படியென்றால் சாதி மாதிரியா, வர்க்கம் மாதிரியா? தலையைப் பலகை கட்டி நீளமாக்குவார்களே, அது உயர்குடி அடையாளம்தானே? பிறந்த குழந்தைக்கே செய்துவிட்டால் அப்புறம் எங்கே ஏறுவது, மண்டையே காட்டிக்கொடுத்துவிடுமே.

எலும்புக்கூடை எழுதியது:

அது பரவலான தப்பு. மண்டை ஓடுகளை ஆயிரக்கணக்கில் எண்ணிப் பார்த்துவிட்டார்கள். தலையை வடிவமைப்பது குடிசைவாசியும் செய்தது, ராஜாவும் செய்தது. ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் வடிவம் மாறும், தட்டுக்குத் தட்டு இல்லை. பல்லில் ஜேட் என்ற பச்சைக் கல் பதிப்பதும் அரண்மனைக்கு மட்டும் சொந்தமில்லை.

எலும்பு காட்டிக்கொடுப்பது வேறொன்றை. டிகாலில் பெரிய கல்லறைகளில் புதைக்கப்பட்ட ஆண்கள், சாதாரண வீட்டுத் தரைக்கடியில் புதைக்கப்பட்ட ஆண்களைவிட உயரமாக இருந்தார்கள். சாப்பாடு. பலகையைவிட அது நம்பகமான அடையாளம்.

நூல்புழு எழுதியது:

ஞாயிறுமட்டும் கேட்ட சாதி விஷயத்துக்கு என் பதில்: யுகதானில் குலப்பெயர் ஒவ்வொருவருக்கும் உண்டு, சியூ, கோகோம், பெச், செல், கனுல் என்று இருநூற்றுச் சொச்சம் பெயர்கள். ஒரே பெயர்க்காரர்கள் ஒருவரை ஒருவர் மணக்கக் கூடாது. தெரியாத ஊருக்குப் போனால் தன் பெயருள்ளவன் வீட்டுக் கதவைத் தட்டலாம், அவன் சோறு போட்டாக வேண்டும், லாந்தா இதை அழகாகச் சொல்கிறார். ஆனால் அதே பெயரில் ஊர்த் தலைவனும் இருப்பான், காட்டைக் கொளுத்தி விதைக்கிற ஏழையும் இருப்பான். பெயரைக் கேட்டவுடன் தட்டு தெரியாது. தொழிலும் பெயரோடு ஒட்டிக்கொண்டு வரவில்லை. அதனால் சாதி என்ற சொல்லை நான் பயன்படுத்த மாட்டேன்.

அதற்காக ரத்தம் முக்கியமில்லை என்று நினைத்துவிடாதீர்கள். ரொம்ப முக்கியம். எவ்வளவு என்றால், போலிகளைக் கண்டுபிடிக்கவே ஒரு தேர்வு வைத்திருந்தார்கள்!

கொல்லைமேடு எழுதியது:

தேர்வா? இதை விரித்துச் சொல்லுங்கள், மகள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

நூல்புழு எழுதியது:

சுமாயேல் என்ற ஊரில் கிடைத்த சிலாம் பலாம் ஏட்டில் வருகிறது. மாயா மொழியை லத்தீன் எழுத்தில் எழுதிய ஏடு, கையில் இருக்கும் பிரதி பதினெட்டாம் நூற்றாண்டு, உள்ளே இருக்கும் சரக்கு பழசு. அதில் 'சுயுவா மொழி' என்று ஒரு பகுதி. பெரிய தலைவன், ஹலாச் வினிக், தனக்குக் கீழே இருக்கும் ஊர்த் தலைவர்களை, அதாவது பதாப்களை, கூப்பிட்டு விடுகதை போடுகிறான். "மகனே, எனக்குச் சூரியனைக் கொண்டு வா, தட்டில் வைத்துக் கொண்டு வா. அதன் நெஞ்சில் ஒரு ஈட்டி குத்தி நிற்க வேண்டும். அதன்மேல் ஒரு பச்சை ஜாகுவார் உட்கார்ந்து ரத்தம் குடிக்க வேண்டும்." விடை என்ன தெரியுமா? பொரித்த முட்டை. ஈட்டி என்பது அதற்குப் போடும் ஆசீர்வாதம் (பாதிரியார்கள் வந்தபின் நுழைந்திருக்கிறது), பச்சை ஜாகுவார் என்பது பச்சை மிளகாய்.

இப்படி வரிசையாக நிறைய. எல்லாம் கடைசியில் சாப்பாட்டில்தான் போய் முடிகின்றன. அல்மெஹென் குடும்பத்தில் பிறந்தவனுக்கு அப்பன் சொல்லிக்கொடுத்திருப்பான், விடை தெரியும். தெரியாமல் முழிப்பவன் எப்படியோ பதவியைப் பிடித்துக்கொண்டவன். அப்படிப்பட்டவர்களை அந்த ஏடு 'இரண்டு நாள் பாய், இரண்டு நாள் ஆசனம்' என்று திட்டுகிறது. பாய்தான் அங்கே சிம்மாசனம், பாயில் உட்கார்ந்தவனே தலைவன். விடை சொல்லாதவனுக்குத் தண்டனை கொடூரம், நாக்கு நுனியை அறுப்பது, கண்ணைப் பிடுங்குவது.

இதை நான் எப்படிப் பார்க்கிறேன் என்றால், யாருமே ஏறாத ஊரில் இப்படி ஒரு தேர்வுக்கு அவசியம் வராது. எவனோ ஏறினான், நிறையப் பேர் ஏறினார்கள், பழைய வீட்டுக்காரர்களுக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சல்தான் ஏட்டில் நமக்கு மிஞ்சியிருக்கிறது.

வெட்டிஆபீசர் எழுதியது:

இது எனக்குப் பிடித்திருக்கிறது. ஏறினவன் எழுதி வைக்கவில்லை, அவனைக் கண்டு கடுப்பானவன் எழுதி வைத்தான். ஆனாலும் எப்படி ஏறினான் என்று கேட்பேன். பரீட்சை எழுதியா?

உப்புவண்டி எழுதியது:

நான் வழக்கமாக வாசிப்பதோடு சரி, இன்றைக்குப் பேசுகிறேன். வியாபாரத்தில் ஏறினான் என்பது என் கட்சி.

1502இல் கொலம்பஸின் நாலாவது பயணத்தில், ஹோண்டுராஸ் கரைக்கு அப்பால் குவனஹா தீவருகே ஒரு பெரிய வணிகத் தோணி எதிர்ப்பட்டது. துணி, செப்புக் கோடரி, கொக்கோ விதை எல்லாம் அதில் இருந்தன. ஸ்பானியக் கப்பலில் ஏற்றும்போது சில விதைகள் கீழே சிந்தின. தோணிக்காரர்கள் எல்லோரும் கண்ணே கழன்று விழுந்த மாதிரி குனிந்து பொறுக்கினார்கள் என்று கொலம்பஸின் மகன் எழுதியிருக்கிறார். காசு அது. போனம்பாக் சுவரோவியத்தில், 790 வாக்கில், அரசன் ஆசனத்தின் கீழே ஒரு மூட்டை, அதன்மேல் 'ஐந்து பி கொக்கோ' என்று எழுத்து. ஒரு பி என்றால் 8,000. ஆக 40,000 விதை. கொக்கோ மரம் வைத்திருப்பவனும் அதைச் சுமந்து விற்பவனும் ஏழையாக இருக்க முடியாது.

1525இல் மெக்சிகோவைப் பிடித்த ஸ்பானியத் தளபதி கோர்தெஸ் ஹோண்டுராஸுக்குப் போகும் வழியில் அகலான் என்ற சோந்தல் மாயா நாட்டைக் கடக்கிறார். அங்கே பெரிய வணிகன் யாரோ அவனையே தலைவனாக வைத்துக்கொள்வது வழக்கம் என்று தன் ராஜாவுக்கு எழுதுகிறார். தலைவன் பெயர் பாஷ்போலோன்அச்சா. ரொம்பத் தூரத்தில் இருந்த நீத்தோ துறைமுகத்தில் ஒரு தெருவே அவன் ஆட்களுடையது. காசு இருந்தால் பாய் கிடைக்கும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

நூல்புழு எழுதியது:

உப்புவண்டி, தகவல் அருமை, முடிவில் மட்டும் ஒரு பிடி உப்பு கூடிவிட்டது. பாஷ்போலோன்அச்சா குடும்பத்தின் வம்சாவளியே கிடைத்திருக்கிறது, அவர்கள் தலைமுறை தலைமுறையாக ஆண்டவர்கள். தலைவர்களே வியாபாரம் செய்தார்கள். வியாபாரி தலைவனானான் என்று கோர்தெஸ் திருப்பிப் புரிந்துகொண்டிருக்கலாம். மாயாபான் நகரம் பதினைந்தாம் நூற்றாண்டு நடுவில் கலவரத்தில் அழிந்தபோது கோகோம் வம்சத்தையே சியூ தரப்பு வெட்டித் தள்ளியது. ஒரே ஒரு மகன் தப்பினான். ஏன் தப்பினான்? அவன் அப்போது உலுவா ஆற்றுப் பக்கம் வியாபாரத்துக்குப் போயிருந்தான். ராஜா வீட்டுப் பிள்ளை சரக்கு விற்கப் போவது அவமானம் இல்லை.

உப்புவண்டி எழுதியது:

ஏற்றுக்கொள்கிறேன். என் கட்சி பாதி ஓட்டில் தோற்றது.

எலும்புக்கூடை எழுதியது:

போரை மறந்துவிட்டீர்கள். அங்கேதான் நிஜமான வாசல்.

கல்வெட்டுக் காலத்தில் பட்டத்தோடு ஒட்டிக்கொண்டு வருவது 'இன்னாரைப் பிடித்தவன்' என்ற வரி. யாஷ்சிலானின் பறவை ஜாகுவார், 752இல் அரியணை ஏறியவன், தன்னை 'இருபது கைதிகளின் ஆள்' என்று சொல்லிக்கொள்கிறான். ஏறுவதற்கு முன் பத்து வருடம் அரியணை காலியாகக் கிடந்திருக்கிறது, அவனுடைய உரிமையில் ஏதோ பிசகு இருந்திருக்க வேண்டும். அதனால்தான் சஹால்களைத் தன் பக்கத்தில் நிறுத்திக் கல்லில் செதுக்க வைத்தான். அவனுக்கு அவர்கள் வேண்டும், அவர்களுக்குக் கல் வேண்டும். ராஜா பலவீனமாக இருக்கும்போதுதான் கீழே இருப்பவனுக்குப் படம் கிடைக்கும்.

இன்னும் பெரியது கிரிகுவா. கோபானுக்குக் கீழே இருந்த சின்ன ஊர். 725இல் கோபான் அரசன் பதினெட்டு உருவம் (வஷக்லஹூன் உபா கவீல் என்பது முழுப்பெயர்) மேற்பார்வையில் காக் திலிவ் என்பவன் அங்கே பதவி ஏற்றான். பதின்மூன்று வருடம் கழித்து, 738இல், அந்தக் காக் திலிவ் தன்னைப் பதவியில் வைத்த ராஜாவையே பிடித்துத் தலையை வெட்டிவிட்டான். அதன்பின் 'குஹுல் அஹாவ்' அவன்தான். 771இல் அவன் நட்ட கல் பத்து மீட்டருக்கு மேல் உயரம், மாயா உலகத்தில் நட்ட கற்களில் மிகப் பெரியது. புதுப் பணக்காரன் வீடு கட்டினால் எப்படி இருக்கும், அதே குணம்.

இறக்கமும் அதே வாசல் வழியாகத்தான். 711இல் தோனினா படை பலெங்கே ராஜா கான் ஹோய் சிதாமைப் பிடித்துவிட்டது. கையைக் கட்டிய கைதியாக அவனைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். முக்கோணத்தின் உச்சியிலிருந்து அடிக்கு ஒரே நாளில்.

வெட்டிஆபீசர் எழுதியது:

இரண்டும் ராஜா சண்டை. எனக்கு விவசாயி வேண்டும்.

மழைக்காகிதம் எழுதியது:

உங்களுக்கு விவசாயியைவிடக் கீழே இருந்தவன் ஒருவனைத் தருகிறேன். அடிமை.

1511இல் பனாமா பக்கத்து டேரியனிலிருந்து கிளம்பிய ஸ்பானியக் கப்பல் ஒன்று ஜமைக்கா அருகே பாறையில் மோதியது. ஒரு சின்னப் படகில் தப்பியவர்கள் யுகதான் கரையில் ஒதுங்கினார்கள். சிலரைப் பலி கொடுத்தார்கள், சிலர் நோயில் செத்தார்கள். கடைசியில் இரண்டு பேர் மிஞ்சினார்கள், இருவரும் அடிமைகள். ஒருவர் அகிலார், சாமியார். இன்னொருவன் கொன்சாலோ கெரேரோ, மாலுமி. 1519இல் கோர்தெஸ் ஆள் அனுப்பியபோது அகிலார் ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டார். கெரேரோ வரவில்லை. அப்போது அவன் செதுமால் பகுதித் தலைவன் நாச்சன் கானிடம் படைத்தலைவன். உயர்குடிப் பெண்ணை மணந்திருந்தான், பிள்ளைகள் இருந்தன, முகத்தில் பச்சை குத்தி, காது குத்தியிருந்தான். இந்த முகத்தோடு நான் ஸ்பானியர்கள் நடுவில் எப்படி வருவேன், என் பிள்ளைகள் எவ்வளவு அழகு பார் என்று அகிலாரிடம் சொன்னானாம். 1530களில் ஸ்பானியர்களுக்கு எதிரான சண்டையில்தான் செத்தான்.

வேற்று நாட்டான், தாய்வழி தந்தைவழி எதையும் சொல்ல முடியாதவன், அடிமை. எட்டு வருடத்துக்குள் படைத்தலைவன். எப்படி? ஸ்பானியர்கள் எப்படிச் சண்டை போடுவார்கள், கோட்டையை எப்படிக் கட்டுவது என்று அவனுக்குத் தெரியும். அந்த நேரத்தில் அந்த ஊருக்கு அது தேவைப்பட்டது.

நூல்புழு எழுதியது:

கெரேரோ நல்ல உதாரணம்தான், ஆனால் விதிவிலக்கான காலம். எதிரியின் வித்தை தெரிந்த ஆள் எந்த ஊரிலும் மேலே போவான். சாதாரணமாக அடிமைக்கு என்ன வழி என்றால், காஸ்பர் அந்தோனியோ சி என்ற மாயா உயர்குடி ஆள் 1582இல் எழுதிய குறிப்பு இருக்கிறது. அடிமையின் பிள்ளையும் அடிமை, யாராவது மீட்கும் வரை அல்லது வரி கட்டும் குடியாக ஆக்கும் வரை. அடிமைப் பெண்ணை மணந்தவன் தானும் அடிமை ஆவான். திருடி மாட்டினால் அடிமை. ஆக, கீழே போகும் கதவு அகலம், மேலே வரும் கதவு ஒடுக்கம், ஆனால் பூட்டவில்லை.

எலும்புக்கூடை எழுதியது:

குவாத்தமாலா மேட்டுநிலத்தையும் சேருங்கள். கிச்சே மாயா அரசன் கிகாப் பெரிய வெற்றி வீரன். அவன் வெற்றிகளுக்கு உழைத்த 'அச்சி' எனப்படும் போர்வீரர்கள், பிறப்பால் சாதாரணர்கள், கொஞ்சம் கொஞ்சமாகத் தலை தூக்கி, 1470 வாக்கில் அரசனுக்கு எதிராகவே கிளம்பிவிட்டார்கள், அவன் மகன்களும் சேர்ந்துகொண்டார்கள். கிகாப் பணிந்துபோக வேண்டியதாயிற்று. அவன் யோசனைப்படி கக்சிகேல்கள் என்ற இன்னொரு மாயா இனத்தார் பிரிந்து போய் இஷிம்சே நகரத்தைக் கட்டினார்கள். அவர்கள் ஏடு இதைச் சொல்கிறது. வெட்டிஆபீசர், இவர்கள் உங்கள் விவசாயி வீட்டுப் பிள்ளைகள்தான்.

வெட்டிஆபீசர் எழுதியது:

நன்றி. இது கணக்கில் சேர்த்தி.

உப்புவண்டி எழுதியது:

எனக்கு ஒரு சந்தேகம். விவசாயி மேலே ஏற வேண்டும் என்று நாம்தான் ஆசைப்படுகிறோமா? அவன் நிலைமை அவ்வளவு மோசமா? எல் சால்வதோரில் ஹோயா தே செரென் என்று ஒரு கிராமம், ஏழாம் நூற்றாண்டில் பக்கத்து எரிமலை வெடித்து சாம்பலில் புதைந்தது. ஆட்கள் தப்பிவிட்டார்கள், பொருள் அப்படியே இருக்கிறது. 1970களில் புல்டோசர் வேலையில் தற்செயலாக வெளியே வந்தது. அரண்மனை இல்லை, பிரபு இல்லை, வெறும் உழவர்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் சமையலுக்கு ஒன்று, படுக்க ஒன்று, சாமான் வைக்க ஒன்று எனத் தனித்தனிக் கட்டடம். எழுபது பானைகள் வரை. அவற்றில் கோபான் பக்கத்து வண்ணக் குவளைகளும் உண்டு. எரிமலைக் கண்ணாடிக் கத்திகளைக் குழந்தை கை படாமல் கூரை ஓலையில் செருகி வைத்திருக்கிறார்கள். ஊருக்குப் பொதுவாக ஒரு நீராவிக் குளியல் அறை. மரவள்ளித் தோட்டம் வேறு. வரி பிடுங்கப்பட்டு நடுங்குகிற முக்கோண அடித்தட்டு மாதிரி தெரியவில்லை.

எலும்புக்கூடை எழுதியது:

பெலிஸின் கராகோலிலும் இதே மாதிரி பேசுவார்கள். 562இல் டிகாலைத் தோற்கடித்த பிறகு அந்த ஊர் பெருத்தது, சாதாரணக் குடியிருப்புகளில்கூடக் கல்லறை அறை, பதித்த பல், நல்ல பாத்திரம். தோண்டியவர்கள் அதை ஒரு நடுத்தர வர்க்கம் என்றே சொல்கிறார்கள். வெற்றியில் எல்லோருக்கும் பங்கு கொடுத்துப் பிடித்து வைத்தார்கள் போல. ஆனால் உப்புவண்டி, செரென் ஓரத்து ஊர். ராஜாவின் கண் படாத இடம். அதை டிகால் நடுவில் இருந்தவனுக்குப் பொருத்தாதீர்கள்.

கொல்லைமேடு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சார்ட் நேற்று ராத்திரி முடிந்தது. முக்கோணத்தை எடுக்க வேண்டாம், மார்க் போய்விடும் என்று அம்மா சொல்லிவிட்டாள், அதனால் அது ஓரத்தில் சின்னதாக இருக்கிறது, கோடுகளைப் புள்ளிக்கோடாகப் போட்டுவிட்டாள். நடுவில் பெரிதாக வரைந்தது பொரித்த முட்டையும் பச்சை மிளகாயும். கீழே அடிமையாக இருந்து படைத்தலைவனான மாலுமி, காதில் வளையத்தோடு. சாதாரண ஆட்கள் எப்படி இருந்தார்கள் என்று வரைய ஒரு படம் மட்டும் கிடைக்கவில்லை. ராஜாவைத் தவிர யாரையும் அவர்கள் வரையவே இல்லையா?

மழைக்காகிதம் எழுதியது:

வரைந்தார்கள். கலக்முல் நகரில் 2004இல் ஒரு சின்னப் பிரமிடுக்குள்ளே புதைந்திருந்த இன்னொரு கட்டடத்தின் சுவரில் கிடைத்தது, ஏழாம் நூற்றாண்டு. ராஜா இல்லை, கைதி இல்லை. சந்தை மாதிரி ஒரு கூட்டம். ஒவ்வொருவர் பக்கத்திலும் சின்னதாக எழுத்து: 'சோளக்கஞ்சி ஆள்', 'உப்பு ஆள்', 'புகையிலை ஆள்', 'தமாலே (சோள மாவுக் கொழுக்கட்டை) ஆள்', 'பானை ஆள்'. கஞ்சிக்காரன் பெரிய பானையிலிருந்து ஊற்றுகிறான், ஒருவன் கிண்ணத்தை வாயில் வைத்துக் குடிக்கிறான். அதில் ஒரு பெண் மெல்லிய நீலத் துணி உடுத்தி, முகத்தில் சாயம் பூசி, கரட்டுத் துணி கட்டிய இன்னொரு பெண்ணின் தலையில் பானையைத் தூக்கி வைக்க உதவுகிறாள். இரண்டு பேரும் ஒரே பானையில் கை வைத்திருக்கிறார்கள். மகளிடம் அதைக் காட்டுங்கள், வரைய நன்றாக இருக்கும்.

கொல்லைமேடு எழுதியது:

காட்டினேன். நீல ஸ்கெட்ச் பேனா தீர்ந்துவிட்டதாம், கடைக்குக் கிளம்புகிறேன்.